சாம்பல் அட்டை

பதினோரு வருடங்களுக்குப் பிறகு என் தங்கச்சி எனக்கு அனுப்பிய முதல் செய்தி மூன்றே வரி. "வியாழக்கிழமை உங்க ஏர்போர்ட்ல இறங்கி வேற விமானம் மாறுறேன். ரெண்டரைக்கு வெளியே வருவேன், நாலரைக்கு உள்ளே போயிடணும். வரணும்னா வா." நல்லா இருக்கியா, உடம்பு எப்படி என்று ஒன்றும் கிடையாது. அவள் பேச்சே அப்படித்தான். எங்கள் வீட்டுப் பொறுமை மொத்தமும் எனக்கே வந்துவிட்டது. அவளுக்கு வாய் மட்டும் மிச்சம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியே எடுப்பதுதான் என் வேலையில் முக்கால் பங்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கதவை இழுக்காதீங்க, உட்காருங்க, நீளமா மூச்சு விடுங்க, இதோ வந்துட்டேன்" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டிலும் எனக்கு அதே குரல்தான். பாப்பா, அதாவது என் தங்கச்சி, தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று வந்து கேட்டபோது நான் கூடாது என்று சொல்லவில்லை. "கொஞ்சம் பொறு பாப்பா" என்றேன். அடுத்த வருடம் கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். இப்படியே நாலு வருடம். எதற்காகப் பொறுக்கச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது வருடக் கடைசியில் என்னிடம் சொல்லாமலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவனோடு விமானம் ஏறிவிட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான்தான் முறுக்கிக்கொண்டு, அவள் போன் செய்தபோதெல்லாம் எடுக்காமல் இருந்தேன். எப்படி இருக்கிறது என் நியாயம்!

ஆகவே அந்த மூன்று வரியை முப்பது தடவை படித்தேன். வியாழக்கிழமைக்கு லீவு சொன்னேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் வேலைப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, பன்னிரண்டரைக்கே ரயில் நிலையத்தில் போய் நின்றேன். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு ரயிலில் இருபத்தைந்து நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். இதில் எவனாவது தாமதமாகப் போக முடியுமா, சொல்லுங்கள்.

நுழைவாயிலில் இருந்த காவலாளி கையை நீட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"குண அட்டை எங்க சார்?"

"என்ன அட்டை?"

"குணம் சார், குணம். உங்க குணத்துக்கு ரயில் ஒத்துவருமான்னு தெரிய வேணாமா? சும்மா ஏறிட முடியுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிடத்தைக் காட்டினார். ஐந்து மாடி. முகப்பு முழுக்கக் கண்ணாடி. மேலே பெரிய எழுத்தில் 'குணவழிப் பயண ஆணையம்' என்றும், அதற்குக் கீழே 'நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும்' என்றும் எழுதியிருந்தது. நான் விமானத்தில் போகிற ஆள் இல்லை. அதனால் ஊரில் இப்படி ஒன்று முளைத்திருப்பது தெரியாமலேயே இருந்துவிட்டேன். டாக்சி பிடிக்கலாம் என்று பார்த்தால், ஏர்போர்ட் சாலையில் ஆணையத்தின் வண்டிகளைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாதாம். ஒரு வருடமாக அப்படித்தானாம்.

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட்டில் போனேன். கதவு மூடும்போது கரகரவென்று ஒரு சத்தம். கதவைத் தாங்கும் ரோலர் தேய்ந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்தது. எங்கள் கம்பெனி லிஃப்ட்தான். ஆனால் இது வேறு ஆள் பார்க்கிற ஏரியா. லீவு நாளில் நமக்கெதற்கு என்று இறங்கிவிட்டேன்.

மேலே நூறு பேர் வரிசையில் நின்றார்கள். சுவரில் ஆணையத்தின் வரலாற்றைப் படங்களோடு மாட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் யாரோ ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். அவசரக்காரர்கள் ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போகிறார்கள், கலகலப்பானவர்கள் பகிர்வு வேனில் போகிறார்கள், பொறுமைசாலிகள் பஸ்ஸில் போகிறார்கள் என்று அதில் தெரிந்ததாம். அத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நூற்றுக்கு நாற்பது பேர் தங்கள் குணத்துக்குப் பொருந்தாத வண்டியில் போய்க்கொண்டிருப்பதும் அதில் தெரிந்துவிட்டது. அந்த நாற்பது பேரைக் காப்பாற்றத்தான் இந்த ஐந்து மாடி.

வரிசைக்கு மேலே ஒரு டி.வி. அதில் ஆணையத் தலைவர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். தடித்த உடம்பு, மெல்லிய மீசை, கழுத்தில் மூன்று பதக்கம்.

"மக்கள் கேட்டதைக் கொடுப்பது சாதாரண நிர்வாகம். மக்கள் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்வதுதான் சிறந்த நிர்வாகம். நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை. குணத்தை மட்டுமே பார்க்கிறோம். அதனால்தான் எங்கள் அட்டையில் பெயர் கிடையாது, படம் கிடையாது. குணம் மட்டும்தான் உண்டு. பணக்காரரானாலும் ஏழையானாலும், எங்கள் முன் அனைவரும் ஒரு நிறம் மட்டுமே."

பதினைந்தாவது தடவை இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். குழந்தை வீறிட்டது. முன்னால் போம்மா என்று வழிவிட்டேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு என் முறை. கவுண்ட்டர்க்காரம்மா ஐம்பது வயது இருப்பார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். பன்னிரண்டு கேள்வி அச்சடித்த தாளை என் கையில் கொடுத்துவிட்டு, அவரே ஒவ்வொன்றாக வாசித்து, என் பதிலைக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"கேள்வி ஒன்று. மூடிய அறையொன்றில் தனியாகச் சிக்கிக்கொள்கிறீர்கள். அ, கதவை உடைப்பேன். ஆ, உதவிக்கு ஆள் வரும்வரை கத்துவேன். இ, அமைதியாக உட்கார்ந்து காத்திருப்பேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வறள ஊருக்கெல்லாம் சொல்லிவருகிற பதில் இது. யோசிக்கவே இல்லை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில் துள்ளினேன்.

"இ! இ-தாங்க! கதவுல கையே வைக்கக் கூடாது. உட்கார்ந்து நீளமா மூச்சு விடணும்."

கவுண்ட்டர்க்காரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது. மீதிப் பதினொன்றுக்கும் அதே லட்சணத்தில் பதில் சொன்னேன். அழைத்த ஆள் தாமதமாக வந்தால் திட்டுவீர்களா? மாட்டேன், ட்ராஃபிக்காக இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஓசை? மோட்டார் சத்தமில்லாமல் ஓடுவது. கடைசியாக எப்போது அடுத்தவர் பேச்சில் குறுக்கிட்டீர்கள்? ஞாபகமில்லை.

அட்டை வந்தது. சாம்பல் நிறம். முன்பக்கம் 'காத்திருப்பவர்'. பின்பக்கம்: 'அமைதியானவர். பிறருக்கு வழிவிடுபவர். எதையும் தாங்கும் இதயம் கொண்டவர். பஸ்.'

"பஸ்ஸா? எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ரெண்டு மணி அம்பது நிமிஷம். அறுபத்தோரு ஸ்டாப்பு."

"ஏர்போர்ட் இங்கேருந்து பதினெட்டு கிலோமீட்டர்தானே!"

"நேராப் போனா பதினெட்டு. பொறுமைசாலிகளை எதுக்கு சார் நேராக் கூட்டிட்டுப் போகணும்?"

மணி ஒன்று ஐம்பது. அடுத்த பஸ் இரண்டரைக்கு. போய்ச் சேர ஐந்து இருபது ஆகிவிடும். பாப்பா நாலரைக்கு உள்ளே போய்விடுவாள். தங்கச்சி பதினோரு வருடத்துக்கப்புறம் வருகிறாள் என்று சொன்னேன். நாலரைக்குப் போய்விடுவாள் என்றேன். கெஞ்சினேன். கவுண்ட்டர்க்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் புரியுது சார். ரயில் காலியாத்தான் ஓடுது. அவசரக்காரங்க யாரும் இந்த வரிசையில கடைசி வரைக்கும் நிக்கிறதில்ல. பாதியில திட்டிட்டுப் போயிடுறாங்க. முழு டெஸ்ட்டும் எழுதுறவங்க எல்லாம் பொறுமைசாலிங்கதான். இந்த வருஷம் நான் போட்ட பச்சை அட்டை, அதான் ரயில் அட்டை, மொத்தம் நாலு. நீங்க மேல்முறையீட்டு அதிகாரியைப் பாருங்க."

மேல்முறையீட்டு அதிகாரி அதே மாடியின் கடைசி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்பான மனிதர். உட்காரச் சொன்னார்.

"நான் பொறுமைசாலி இல்லைங்க. தப்பா அட்டை போட்டுட்டாங்க."

"இருக்கலாம். மனு எழுதிக் குடுங்க. முப்பது நாள்ல முடிவு சொல்லுவோம்."

"முப்பது நாளா? நான் எப்படிங்க காத்திருக்கிறது?"

"காத்திருந்தீங்கன்னா பொறுமைசாலின்னு உறுதியாயிடும். மனு தள்ளுபடி. காத்திருக்காம போயிட்டீங்கன்னா மனுதாரர் ஆஜராகலைன்னு தள்ளுபடி. ரெண்டுல உங்களுக்கு எது வசதியோ பார்த்துக்குங்க."

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கீங்க!" என்று கத்தினேன். அதிகாரி முகம் மலர்ந்து ஒரு நோட்டை எடுத்தார். எதையோ எழுதப்போனவர் பேனாவை மூடிவிட்டார்.

"செல்லாது சார். தட்டுறதுக்கு முன்னாடி என் டீ கிளாஸை ஓரமா நகர்த்தி வச்சீங்க. பார்த்துட்டேன்."

"கொட்டிடுமேன்னு..."

"அதான். அவசரக்காரன் கொட்டியிருப்பான்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வரிசையில் நான் அந்தக் குழந்தைக்காரிக்கு வழிவிட்ட காட்சி அதில் மூன்று கோணங்களில் ஓடியது. "இதையும் வச்சுக்கிட்டு எந்த முகத்தோட சார் ரயில் கேக்குறீங்க?"

சரி, வேனாவது கொடுங்கள் என்றேன். வேன் என்றால் ஒன்றரை மணி நேரம். அதற்குப் பழகுதிறன் சோதனையாம். எதிர் அறையில் ஒரு பரிசோதகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு மூன்று நிமிடம் கலகலப்பாகப் பேச வேண்டும். என் வாயில் எதுவும் வரவில்லை. தெரிந்ததைப் பேசினேன்.

"உங்க லிஃப்ட்டுல கதவு ரோலர் தேஞ்சிருக்குங்க. இன்னிக்கோ நாளைக்கோ நடுவுல நின்னுடும். யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க."

பரிசோதகர் எழுதிக்கொண்டார். சொல்லிக்கொண்டே எழுதினார். "உரையாடல், தொழில் சார்ந்தது. நட்புணர்வு, பூஜ்யம். எதிரிலிருப்பவருக்குத் தேவையற்ற கவலை உண்டாக்குகிறார்."

வெளியே வந்தபோது மணி இரண்டு நாற்பது. போன் அடித்தது. பாப்பாவின் செய்தி. "வெளியே வந்துட்டேன். மூணாம் நம்பர் தூண் கிட்ட உட்கார்ந்திருக்கேன்."

"இதோ வந்துட்டேன்" என்று அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "இதோன்னா எத்தனை வருஷம்?"

தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. மறைப்பானேன், அழுதேன். அட்டையை ரத்து செய்தால் மறுபடி டெஸ்ட் எழுதலாமோ என்று ஒரு யோசனை வந்தது. போய்க் கேட்டேன். கவுண்ட்டர்க்காரம்மா சாம்பல் அட்டையை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, மறு டெஸ்ட்டுக்கு வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும் என்றார். வரிசையில் இப்போது நூற்றிருபது பேர்.

அப்போதுதான் லிஃப்ட் நின்றது.

முதலில் டங்கென்று ஒரு சத்தம். பிறகு அலார மணி. பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல். வரிசையில் நின்ற நூற்றிருபது பேரும் டி.வி.யை அண்ணாந்து பார்த்தார்கள். குரல் அதிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். டி.வி.யில் தலைவர் வழக்கம்போல அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டுக்குள் இருந்த தலைவர்தான், "யாருடா வெளியே? கதவைத் திறங்கடா!" என்று அலறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மூன்றேகாலுக்குக் கீழே வாசலில் விழாவாம். சாம்பல் பஸ் மேல் ஒரு வருடமாக ஒரே ஒரு புகார்கூட வரவில்லை என்பதற்காக ஆணையத்துக்கு விருது. அதை வாங்கத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. எங்கள் கம்பெனியில் போன் எடுக்கிற அக்கா.

"தம்பி, லீவுன்னு தெரியும், மன்னிச்சுக்க. குணவழி ஆணையத்துல ஒரு பெரிய மனுஷன் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாராம். அந்த ஏரியா ஆளு போன் எடுக்கல. நீ எங்க இருக்கே?"

"லிஃப்ட்டு வாசல்லதான்க்கா நிக்கிறேன்."

"அடேங்கப்பா! இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் அக்கா.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. என் மனதில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். விடு, கிடக்கட்டும் என்று ஓடியது. முப்பது நாள் கழித்துத் திறக்கிறேன் என்று சொல்லலாமா என்றுகூட ஓடியது. ஆனால் கை தானாகப் பையைத் திறந்து சாவியை எடுத்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவரையும் வேண்டுமென்று ஒரு நிமிடம்கூட நான் காக்க வைத்தது கிடையாது. பாப்பாவைத் தவிர. அதை நினைத்ததும் சாவி கையில் வழுக்கியது.

அந்த மாடியில் இருந்த காவலாளி ஒருவரை மேலே ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். வெளிக்கதவைச் சாவி போட்டு நாலு விரற்கடை திறந்தேன். லிஃப்ட் நல்லவேளையாக அரை அடிதான் இறங்கி நின்றிருந்தது. ஆனால் உள்கதவு ரோலர் தண்டவாளத்தை விட்டு நழுவி, கதவு இறுகிப் பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்ற வேண்டும். பத்து நிமிட வேலை.

"ஐயா, கதவை இழுக்காதீங்க. உட்காருங்க. நீளமா மூச்சு விடுங்க. இதோ வந்துட்டேன்."

"யார்யா நீ? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்னங்க, டி.வி.யில பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

கதவு குலுங்கியது. இழுக்கிறார் பாவி மனிதர். இப்படிப் பதறுகிறவர்களிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் எங்கள் தொழில் வழக்கம். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று எதையாவது கேட்டுப் பேச்சுக் கொடுத்தால் கவனம் திரும்பும், கை கதவை விடும். அன்றைக்கு என் சட்டைப் பையில் அச்சடித்த கேள்வியே தயாராக இருந்தது. எடுத்து வாசித்தேன்.

"ஐயா, கேள்வி ஒன்று. மூடிய அறையொன்றில் தனியாகச் சிக்கிக்கொள்கிறீர்கள். அ, கதவை உடைப்பேன். ஆ, கத்துவேன். இ, அமைதியாக உட்கார்ந்து காத்திருப்பேன்."

"உடைப்பேன்யா! உன் மண்டையையும் சேர்த்து உடைப்பேன்!"

எனக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். கவுண்ட்டர்க்காரம்மா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏன் பார்க்குறீங்க? ஆணையத்தோட கேள்வியை யார் கேட்டாலும், யார் பதில் சொன்னாலும், பதிவு பண்ணணும். விதி ஒன்பது. ரெண்டாவது கேளுங்க, சார்."

கேட்டேன். அழைத்த ஆள் தாமதமாக வந்தால் திட்டுவீர்களா? அதற்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது. டக். பிடித்த ஓசை? "இந்தக் கதவு திறக்குற ஓசைடா!" டக். கடைசியாக எப்போது அடுத்தவர் பேச்சில் குறுக்கிட்டீர்கள் என்ற கேள்வியை நான் முடிக்கவே இல்லை. அதற்குள் குறுக்கிட்டுவிட்டார். டக். பன்னிரண்டாவது கேள்வி: பிறர் உங்கள் குணத்தை ஆராய்வதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?

"குணமாம் மண்ணாங்கட்டியாம்! மனுஷன் அவசரத்துல இருக்கும்போது குணத்தைக் கேட்பியாடா? கதவைத் திற!"

"இதைத்தாங்க நானும் மத்தியானத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றேன். ரோலர் ஏறியது. கதவு திறந்தது.

தலைவர் வியர்வையில் தொப்பலாக வெளியே வந்தார். பதக்கங்களைச் சரிசெய்தார். சுற்றிலும் இருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார். டி.வி. குரல் திரும்ப வந்துவிட்டது.

"உள்ளே நான் மிகுந்த அமைதியோடு இருந்ததை நீங்கள் அனைவரும் கவனித்திருப்பீர்கள்" என்றார். அனைவரும் தலையாட்டினார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் காதில் விழுந்திருக்காது. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பத்து.

கீழே விழாவுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர்கள், தலைவர் மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டு மேலே ஓடி வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் மைக்கை நீட்டிக் கேட்டாள்.

"ஐயா, உங்களோட குண அட்டை என்ன நிறம்?"

தலைவருக்கு அட்டையே கிடையாது. அவருக்கு ஆணையத்தின் கார் இருக்கிறது. ஆனால் கேமரா ஓடுகிறதே.

"இன்றைக்கு ஐந்தரை மணி விமானத்தில் மாநாட்டுக்குப் போகிறேன். எல்லாரையும் போல என் அட்டை காட்டும் வண்டியில்தான் போகப்போகிறேன். அம்மா, என் அட்டையை எடுத்துக் கொடுங்கள்" என்று கவுண்ட்டர் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார்.

கவுண்ட்டர்க்காரம்மாவின் மேஜையில் இரண்டு அட்டை கிடந்தது. ஒன்று நான் திருப்பிக் கொடுத்த சாம்பல். இன்னொன்று இயந்திரத்திலிருந்து அப்போதுதான் சூடாக வந்து விழுந்த பச்சை. இரண்டிலும் பெயரில்லை, படமில்லை. அம்மா ஒரு நொடி இரண்டையும் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு சாம்பலை எடுத்துத் தலைவரிடம் பயபக்தியோடு நீட்டினார்.

தலைவர் பின்பக்கத்தைக் கேமராவுக்கு முன்னால் உரக்க வாசித்தார். "அமைதியானவர். பிறருக்கு வழிவிடுபவர். எதையும் தாங்கும் இதயம் கொண்டவர்." அவர் குரல் தழுதழுத்தது. "பார்த்தீர்களா? எவ்வளவு துல்லியம்! இயந்திரம் பொய் சொல்லாது."

கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். மூன்றரை மணி சாம்பல் பஸ்ஸில் முதல் ஆளாக ஏற்றி, ஜன்னல் வழியாகக் கையசைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்த பஸ்ஸில் அறுபத்தோரு ஸ்டாப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர்தான் அதற்குக் கையெழுத்துப் போட்டவர், தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

அதையெல்லாம் நான் பார்த்தது ரயில் நிலையப் படிக்கட்டிலிருந்து. கவுண்ட்டர்க்காரம்மா பச்சை அட்டையை என் கையில் வைத்து அழுத்தியிருந்தார்.

"இது யாரோடதுன்னு இதுல எழுதல சார். நாங்க ஆளைப் பார்க்குறதில்ல."

நாலு மணிக்கு ஏர்போர்ட்டில் இருந்தேன். ஓடினேன். மூன்றாம் நம்பர் தூண் பக்கத்தில், பெட்டி மேல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை. எட்டு வயது சின்னவள் எனக்கு, அவளுக்கு நரையா என்று என் கால் நின்றுவிட்டது. அவளே திரும்பினாள்.

"ஏன் லேட்டு?"

"எனக்குப் பொறுமை ஜாஸ்தின்னு அட்டை போட்டுக் குடுத்துட்டாங்க பாப்பா. ரயில்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைக் கேட்டிருந்தா பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போட்டுக் குடுத்திருப்பேனே, அந்த அட்டையை."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

"உன்னை நான் காக்க வச்சிருக்கக் கூடாது. நாலு வருஷம். காரணமே இல்லாம. நீ போன் பண்ணப்ப எடுக்காதது அதைவிடத் தப்பு. என்னை மன்னிச்சுடு பாப்பா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு பல் விழுந்த ஒரு சின்னப் பெண்.

"உன் மருமக. ஏழு வயசு. ஒரு இடத்துல நிக்க மாட்டா. எதைச் சொன்னாலும் இப்பவே வேணும்பா."

"அப்ப அது ரயில் கேஸு" என்றேன். பாப்பா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

இருபத்தைந்து நிமிடம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. நாலரைக்கு எழுந்து பெட்டியைப் பிடித்தாள்.

"மறுபடி இந்தப் பக்கம் எப்ப வருவேன்னு தெரியாதுண்ணா. காத்திருப்பியா?"

"மாட்டேன்" என்றேன். "நானே கிளம்பி வர்றேன்."

அவள் உள்ளே போன பிறகும் நான் போகவில்லை. அவள் விமானம் ஆறு மணிக்கு. கண்ணாடிச் சுவரோரம் நின்று, அது மேலே எழும்பி மறைகிறவரை பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஆறு இருபதுக்கு சாம்பல் பஸ் ஊர்ந்து வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தலைவர். கழுத்து மாலையில் நார் மட்டும் மிச்சம். அவருடைய ஐந்தரை மணி விமானம் இந்நேரம் எந்த மேகத்துக்கு மேலேயோ.

"புகார் புத்தகம் எங்கடா?" என்று டிரைவரைப் பிடித்து உலுக்கினார்.

டிரைவர் நிதானமாகச் சொன்னார். "இந்த பஸ்ஸுல அது வைக்கிறதில்லீங்க ஐயா. பொறுமைசாலிகளுக்கு எதுக்குன்னு நீங்கதான் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டீங்க."

தலைவர் மூச்சு வாங்க பஸ் கதவைப் போட்டு இழுத்தார். யாரையும் இனிமேல் காக்க வைப்பதில்லை என்று நான் இரண்டு மணி நேரம் முன்புதான் தீர்மானம் செய்திருந்தேன். அதில் இவர் சேர மாட்டார் என்று எனக்குள்ளே ஒரு குரல் வாதாடிப் பார்த்தது. அதை அடக்கிவிட்டு அவரிடம் போனேன். பச்சை அட்டையை நீட்டினேன்.

"ஐயா, இதை வச்சுக்கிட்டு ரயில்ல திரும்பிப் போயிடுங்க. இது உங்களோடதுதான்."

வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். நான் அப்போதுதான் அதைக் கவனித்தேன். 'கத்தினால் காரியம் நடக்கும் என்று நம்புபவர். அடுத்தவர் பேச்சைக் கேளாதவர். தன் அவசரம் ஒன்றே அவசரம் என்பவர். ரயில்.'

தலைவர் முகம் சிவந்தது. அட்டையை என் மேலேயே விட்டெறிந்தார்.

"இது யாருடையது? இப்படி ஒரு ஆளா? எனக்கு அட்டை இருக்கிறது!" என்று சாம்பல் அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பிறகு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த பஸ் ஏழரைக்கு.

நான் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு ரயிலேறினேன். பெட்டி முழுக்க நான் ஒருவன்தான். கதவுப் பக்கம் நின்றபடி கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எனக்கு ஒரு மாசம் லீவு வேணும்."

"என்ன தம்பி, இன்னிக்குத்தானே போட்டே? என்ன விஷயம்?"

"பாஸ்போர்ட்டு எடுக்கணும். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"சரி, இந்த வேலை நெருக்கடி முடியட்டுமே. கொஞ்சம் பொறுக்க முடியாதா?"

"முடியாதுக்கா" என்றேன். "ரொம்ப அவசரம்."